மாராத்தாளின் வலது கால்

மகள் மோனிஷாவின் கழுத்தில் தாலி ஏறியபோது மாராத்தாள் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், காய்கறி மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் இருந்தாள். கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து நின்றாள். மூடியிருந்த கதவைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பூசணிக்காய்களுக்கு நடுவே மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அம்மா எங்கே என்று கேட்டதற்கு, காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள்.

யாரும் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவளாகத்தான் அந்த அறைக்குள் போனாள். ஆனால் முதல் நாள் மோனிஷா அவளுடைய சேலையை எடுத்து மடித்து வைத்தபோது, "நாளைக்கு எங்க உக்காருவம்மா?" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி எதற்கென்று மாராத்தாளுக்குப் புரிந்தது. "நான் உள்ளயே இருந்துக்கறன் சாமி," என்றாள். மோனிஷா மடித்த சேலையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இடது காலைப்போல மூன்று மடங்கு பருத்திருந்தது. கணுக்கால் என்று ஒன்று இருந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல் தொங்கியது. ஊரில் எல்லாருக்கும் அந்த நோயின் பெயர் தெரியும். அவள் முன்னால் மட்டும் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

கேரளத்தின் முதலமடைக்குக் கிழக்கே, மாந்தோப்புகள் நெருங்கிய ஒரு சிறிய ஊரில் அவள் வீடு. கணவன் சென்னிமலை மாங்காய் லாரி ஓட்டுகிறவன். சீசனில் பாதி நாள் அவன் வடக்கே எங்காவது சாலையில் இருப்பான். மோனிஷா பிறந்து கொஞ்ச காலத்தில் மாராத்தாளுக்கு ஒரு குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, காலில் வீக்கம் தங்கிவிட்டது. அடுத்த காய்ச்சலில் வீக்கம் இன்னும் ஏறியது. எண்ணெய் தடவினார்கள், பச்சிலை கட்டினார்கள், பழனிக்கு நேர்ந்துகொண்டார்கள். ஆசுபத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வந்த வீக்கம் முழுதாக வடியாது, கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அங்கிருந்த மருத்துவர். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உட்கார்ந்து சொல்லித்தர அன்று யாரும் இல்லை.

மாங்காய் தரம்பிரிக்கும் ஷெட்டில் அவளுக்கு வேலை இருந்தது. கீழே உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் சேலை காலை மறைத்துவிடும். ஆனால் நாற்றத்தை மறைக்க முடியாது. விரலிடுக்குகளில் எப்போதும் புண் இருந்தது, நீர் கசிந்தது. மற்ற பெண்கள் முகம் சுளிப்பதற்கு முன்னால் அவளே ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு சுவர் ஓரத்துக்குப் போய்விடுவாள். சென்னிமலை கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். ஆனால் ஊரில் இருக்கும் நாட்களிலும் லாரியிலேயே படுத்துக்கொண்டான். ஒன்றாக எங்கும் போவதை இருவரும் எப்போது நிறுத்தினார்கள் என்பது இருவருக்குமே நினைவில்லை.

மோனிஷா ஆனைமலைக்குப் புருஷன் வீடு போனாள். தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். மாராத்தாள் ஒரு தடவையும் போகவில்லை.

கொரோனா அடங்கிய பிறகு ஒரு நாள் சிசிலி அவள் வீட்டுக்கு வந்தாள். தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்து, யானைக்கால் நோயை ஒழிக்க வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, தோளில் பெரிய பை. ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளர்தான் அவளை அனுப்பியிருந்தார்.

"இங்க ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தப்போனாள் மாராத்தாள்.

"சரிக்கா. குடிக்க ஒரு வாய்த் தண்ணி தாறீகளா? இந்த வெயில்ல நடந்தே வந்தேன்."

தண்ணீர் கேட்டவளை வெளியே நிறுத்த முடியாது. சிசிலி உள்ளே வந்து செம்பை வாங்கிக் குடித்தாள். காலைப் பார்க்கவே இல்லை. தன் ஊரில் பெய்யும் மழையைப் பற்றிப் பேசினாள், அம்மாவின் முதுகுவலியைப் பற்றிப் பேசினாள். போகும்போதுதான் சொன்னாள். "புதன்கிழமை வாசகசாலை ஹாலுக்கு வாங்கக்கா. வெறுமனே வந்து உக்காருங்க. பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருங்க."

மாராத்தாள் அந்தப் புதன்கிழமை போகவில்லை. அதற்கடுத்த முறையும் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்து, உடம்பு தூக்கித்தூக்கிப் போட்டு, ஷெட்டுக்குப் போகாமல் கிடந்து எழுந்த பிறகு போனாள்.

ஹாலில் அவளைப்போலப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் பேசின். எல்லாரும் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார்கள். அப்படி ஒரு காட்சியை மாராத்தாள் கனவிலும் கண்டதில்லை. தன்னுடைய கால் மாதிரி இன்னொரு கால் இருக்கிறது என்பதையே அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

"வா அம்முணி, இந்தப் பக்கம் எடமிருக்குது," என்றாள் ஒருத்தி. அவள் சரஸ்வதியம்மாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்து ஓய்வு பெற்றவள், விதவை. அவளுக்கு இரண்டு காலும் அப்படித்தான். "பயப்படாத. நம்ம காலைப் பாத்தா பறம்பிக்குளத்து யானையே வெக்கப்பட்டு ஓடீரும்."

பெண்கள் சிரித்தார்கள். மாராத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

சிசிலி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். காலை எடுத்துத் தன் மடியிலிருந்த துண்டின் மேல் வைத்தாள். மாராத்தாள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"வேண்டாமுங்க. நாறும்."

"நாறட்டும். அதுக்குத்தானே சோப்பு இருக்கு."

தண்ணீரை ஊற்றி, சோப்பைக் கையில் நுரைத்து, மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாகத் தடவிக் கழுவினாள். பிறகு ஒவ்வொரு விரலிடுக்காக. துடைக்கும்போது தேய்க்கவில்லை, துணியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். புண்ணில் களிம்பு போட்டாள். "இது கொசு கொண்டாந்து விட்டதுக்கா. உங்க பாவமும் இல்ல, ஆரு விட்ட சாபமும் இல்ல. புண்ணு வழியாத்தான் கிருமி உள்ள போயி காய்ச்சல் வருது. புண்ணு இல்லைன்னா காய்ச்சல் இல்ல. காய்ச்சல் இல்லைன்னா காலு ஏறாது. தெனமும் கழுவணும், ஈரமில்லாம துடைக்கணும். இம்புட்டுத்தான்."

தன் காலை இன்னொரு மனிதக் கை தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அன்று வீட்டுக்குப் போனபோது அந்தச் சோப்பின் வாசனை அவள் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு முகாமையும் விடவில்லை. புதன்கிழமைகளில் ஹால் ஒரு கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஒருத்தி முறுக்கு கொண்டுவருவாள், ஒருத்தி மருமகளைத் திட்டுவாள். அந்தப் பக்கம் தண்ணீர்ப் பஞ்சம் உள்ள பூமி. கோடையில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம் என்பதால் அமைப்பே டேங்கர் வரவழைத்தது. களிம்பும் மாத்திரையும் தந்தது, காலுக்கு அளவெடுத்து மெத்தென்ற செருப்பு செய்து தந்தது. மாராத்தாளின் விரலிடுக்குகள் காய்ந்தன. நாற்றம் போயிற்று. காய்ச்சல் வருவது நின்றது. கால் சிறிதாகிவிடவில்லை, ஆனால் தோல் மிருதுவானது, கணுக்கால் இருக்குமிடம் லேசாகத் தெரிய ஆரம்பித்தது. ஷெட்டில் சுவர் ஓரத்திலிருந்து தன் பெட்டியை நடுவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவள் பின்வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஊர் திரும்பியிருந்த சென்னிமலை வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குனிந்து செம்பை அவள் கையிலிருந்து வாங்கினான்.

"நீ தேய்ச்சுக்க. நான் ஊத்தறன்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை," என்றாள். ஆனால் செம்பைத் திருப்பிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் இருக்கும்போதெல்லாம் அவன்தான் தண்ணீர் ஊற்றினான். லாரியில் படுப்பதையும் விட்டான்.

அந்த ஆண்டு மாராத்தாள் முதல் தடவையாக ஆனைமலைக்குப் பஸ் ஏறினாள். மகள் வீட்டு வாசலில் அந்தப் பெரிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மோனிஷாவின் மாமியார் செருப்பையும் பார்த்தாள், காலையும் பார்த்தாள். "வாங்க சம்பந்தி. காப்பி வைக்கட்டுங்களா?" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருடமாகப் பயந்தது இதற்காகவா என்று மாராத்தாளுக்குத் தோன்றியது. மோனிஷாவின் சின்ன மகள் வந்து அம்மாயியின் மடியில் ஏறிக்கொண்டாள்.

அன்று அடுக்களையில் மோனிஷா அம்மாவின் பக்கம் திரும்பாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "வர்ற வைகாசீல பாப்பாவுக்குக் காது குத்தறம். அம்மா ஊட்டுச் சீர் வரும்போது மொதல் தட்டை நீதான் எடுத்துட்டு வரோணும்."

"வேற ஆராச்சும் எடுக்கட்டும் சாமி."

"வேற ஆரும் வேண்டாம். கல்யாணத்துக்குத்தான் இல்லாமப் போச்சு."

மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். மாராத்தாளும் வெங்காயம் என்றே எடுத்துக்கொண்டாள்.

அந்த வைகாசி வருவதற்கு முன்னால் ஒரு புதன்கிழமை சிசிலி எல்லாருடைய காலையும் தானே கழுவினாள். அந்த நாட்களில் பெண்களே தங்கள் கால்களைக் கழுவிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். அன்று அவள் யாரையும் விடவில்லை. கடைசியாகச் சரஸ்வதியம்மாளின் காலைத் துடைத்து முடித்து, துண்டைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, நடுவில் வந்து நின்றாள்.

"இதுதான் கடைசி முகாம்," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"வெளிநாட்டுல இருந்து வந்த பணம் நின்னுபோச்சுக்கா. இந்த நோயை உலகத்தை விட்டே ஒழிக்கணும்னு பல நாட்டுக்காரவுக சேந்து குடுத்துக்கிட்டு இருந்தாக. இப்ப குடுக்கிறவுக கையைச் சுருக்கிட்டாக. மிச்சமிருக்கிற பணம் மாத்திரை குடுக்கவும் ரத்தம் சோதிக்கவுமே காணாதாம். அதனால இந்த வேலையை நிப்பாட்டச் சொல்லிட்டாக. எனக்கும் இந்த மாசத்தோட வேலை முடியுது."

மாராத்தாள் கேட்டாள். "அந்த மாத்திரையக் குடுத்தா இனிப் புதுசா ஆருக்கும் வராதுங்களா?"

"வராதுக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாகல்ல, ஒருத்தருக்கும் இல்ல."

"வராதவிகளுக்கு மருந்து இருக்குது," என்றாள் சரஸ்வதியம்மாள். "வந்தவிகளுக்குத்தான் இல்லையாக்கும்."

சிசிலியின் முகத்தைப் பார்த்து சரஸ்வதியம்மாளே குரலைத் தணித்துக்கொண்டாள். "உன்னையச் சொல்லல கண்ணு. நீ என்ன பண்ணுவ. நீ ஊட்டுக்குப் போயி என்ன பண்ணப்போற, அதைச் சொல்லு."

"மூணாறுல ஹோம்ஸ்டே ஒண்ணுல ஆள் கேட்டாக. ரூம் சுத்தம் பண்ணுற வேலை. பாத்துக்கிடலாம்."

மிச்சமிருந்த களிம்பைப் பங்கிட்டுக் கொடுத்தாள். பேசின்களை ஆளுக்கொன்றாகக் கொண்டுபோகச் சொன்னாள். சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக வெயிலில் இறங்கினார்கள்.

கொஞ்ச காலம் அவர்களே முயன்றார்கள். புதன்கிழமைகளில் சரஸ்வதியம்மாள் வீட்டில் கூடினார்கள். ஆனால் தூரத்துப் பெண்கள் முதலில் நின்றார்கள், பிறகு சீசன் தொடங்கியதும் மற்றவர்கள். கடைசியில் மாராத்தாளும் சரஸ்வதியம்மாளும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து கழுவிக்கொண்டார்கள். களிம்பு தீர்ந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் நல்ல மாதிரிதான் பேசினாள். எழுதி அனுப்பியிருக்கிறோம், வந்ததும் சொல்கிறோம் என்றாள். பங்குனியில் ஊர்க் குழாய் வறண்டது. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே தண்ணீர். காலுக்கு ஒரு செம்பு ஊற்றினால் போதும் என்று மாராத்தாள் பழகிக்கொண்டாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆயிற்று.

சித்திரையில் சரஸ்வதியம்மாள் செத்துப்போனாள். காய்ச்சல் வந்திருக்கிறது, தனியாகவே படுத்திருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டித் திறந்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனபோது காலிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மாராத்தாளுக்குச் சேதி வந்து சேர்ந்தபோது எரித்தே முடித்திருந்தார்கள். அவள் போய் அந்த வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். முகாமுக்கு வந்த பெண்கள் யாருக்கும் சேதியே போகவில்லை. அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும் என்பதே ஊரில் யாருக்கும் தெரியாது.

அன்று தேவிகுளத்துக்குப் போன் பண்ணினாள். சிசிலி, சரஸ்வதியம்மாளுக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டாள். பிறகு, "நீங்க விடாம கழுவுறீகளா அக்கா?" என்று கேட்டாள்.

"கழுவறன் கண்ணு," என்றாள் மாராத்தாள்.

ஷெட்டில் கடைசி வரத்து குவிந்திருந்த நேரம். காம்பு ஒடிந்த மாங்காயிலிருந்து பால் சொட்டும். அது பட்ட இடம் பொசுங்கிப்போகும். மாராத்தாளின் பாதத்தில் ஒரு மடிப்புக்குள் பால் இறங்கியிருந்தது. அங்கே அவளுக்கு உணர்ச்சி மட்டு, தெரியவில்லை. தெரிந்தபோது புண்ணாகியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, கடையில் கிடைத்த ஏதோ ஒரு களிம்பைத் தடவினாள். காது குத்துக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. சீசன் ஓட்டத்தில் இருந்த சென்னிமலை முதல் நாள் இரவுதான் ஊர் திரும்பினான்; சொன்னால் ஆனைமலைப் பயணத்தை நிறுத்திவிடுவான் என்று அவனிடம் சொல்லவில்லை.

காது குத்து அன்று காலையில் தலைக்குக் குளித்து, மோனிஷா எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டினாள். சீர்த்தட்டுகளை வேனில் ஏற்றினார்கள். குழந்தையை மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் முறையில் சென்னிமலையின் அண்ணன் மகன் காளிச்சாமி வந்திருந்தான். முதல் தட்டில் குழந்தைக்கு எடுத்த பட்டுப் பாவாடையும் தோடும் இருந்தன. அதை வேறு யாரிடமும் கொடுக்காமல் மாராத்தாள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரம் தாண்டும் முன்பே தட்டு அவள் மடியில் ஆட ஆரம்பித்தது. சாலை மோசம் என்று முதலில் காளிச்சாமி நினைத்தான். திரும்பிப் பார்த்தபோது அவள் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. சென்னிமலை அவள் நெற்றியில் கை வைத்துவிட்டுச் சேலையை விலக்கிக் காலைப் பார்த்தான். முழங்கால்வரை சிவந்து, தோல் வெடிப்பதுபோல மினுமினுத்தது.

"எப்பருந்து மாரா?"

"போலாமுங்க. கொஞ்ச நேரந்தானே. தட்டை எறக்கி வெச்சுட்டு ஆசுபத்திரிக்குப் போயிக்கலாம்."

"வண்டியத் திருப்பு," என்றான் சென்னிமலை.

"ஏனுங்க, என்ற புள்ள பாத்துட்டு நிப்பாளுங்க."

அவன் காளிச்சாமியிடம் தட்டைக் கொடுத்து, வழியில் வந்த ஒரு ஜீப்பில் சீருடன் அவனை அனுப்பினான். வேன் திரும்பியது. மாராத்தாள் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச தூரத்தில் அவளுக்கு நினைவு தப்பியது.

பிழைத்துக்கொண்டாள். ஊசிமருந்து ஏற்றி ஏற்றிக் காய்ச்சலை இறக்கினார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கியபோது கால் முன்பு எந்நாளும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. கணுக்கால் தெரிந்த இடம் மூடிவிட்டது. அளவெடுத்துச் செய்த செருப்பு உள்ளே நுழையவில்லை.

மோனிஷா ஆசுபத்திரிக்கு வந்தாள். கோயிலில் எல்லாரையும் காக்கவைத்து, முகூர்த்தம் தாண்டும்வரை வாசலையே பார்த்து நின்றதை அவள் சொல்லவில்லை. காளிச்சாமிதான் பிறகு சொன்னான்.

"எங்கூட வந்துருமா. அங்க வெச்சு நான் கழுவி உடறன்."

"உன்ற ஊட்லயும் தண்ணி லாரியிலதான் வருது," என்றாள் மாராத்தாள். "நீ போ சாமி. கொழந்தையத் தனியா உட்டுட்டு வந்திருப்ப."

"அம்மா."

"போ சாமி."

அதன்பிறகு அவள் ஆனைமலைக்குப் போகவில்லை. ஷெட்டுக்கும் போக முடியவில்லை. மாதத்துக்கொரு காய்ச்சல் மறுபடியும் வந்தது. சிசிலி அவ்வப்போது போன் பண்ணுவாள். எப்படி இருக்கீக என்பாள். நல்லா இருக்கறன் என்பாள் மாராத்தாள். நீ எப்படி இருக்கற என்பாள். நல்லா இருக்கேன் என்பாள் சிசிலி. சென்னிமலை மட்டும் தூரப் பயணங்களை விட்டுவிட்டு உள்ளூர் லாரி நடைகளை எடுத்துக்கொண்டான். இருட்டும் முன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

மழைக்காலம் முடிந்து பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். தங்கள் ஊரில் இனி யானைக்கால் பரவாது என்று பேனர் பிடித்து, கோஷம் போட்டு வந்தார்கள். சென்னிமலை அன்று வீட்டில் இருந்தான். கோஷம் என்னவென்று காதில் விழுந்ததும் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனான்.

"சாத்தாதீங்க," என்றாள் மாராத்தாள் கட்டிலில் இருந்தபடி. "நல்ல சேதிதானுங்களே."

அவன் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிள்ளைகள் ஜன்னலைக் கடந்து போனார்கள். வெள்ளைக் காலுறை போட்ட கால்களும் வெறுங்கால்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒரு சிறுமி வரிசையை விட்டு விலகி, பின்தங்கிப்போன தோழியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"எப்படி ஓடறாங்க பாருங்க," என்றாள் மாராத்தாள்.

அவன் தலையசைத்தான். மேளச் சத்தம் கடைவீதிப் பக்கம் போய்த் தேய்ந்த பிறகும் அவள் அழுதுகொண்டிருந்தாள்.